பல்லுக்கு ஓர் அணை

நீர் வேண்டுமிடத்து நீரும், வேண்டாவிடத்து அதனைத் தடுத்து நிறுத்தும் கரையும் மக்களுக்கு ஒருங்கே வேண்டப்படுவனவாம். போரூரினின்று பூந்தமல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஐயப்பன்தாங்கலுக்கும் குமணன்சாவடிக்கும் இடையே அமைந்த காட்டுப்பாக்கத்தில் வாழ்வோர்க்கு இவ்வுண்மையை யாம் விரித்துரைத்தல் மிகையேயாகும். அவ்வூர்க்கு மேற்கே செம்பரம்பாக்கத்து ஏரி 24 அடி ஆழம் நிறைந்து நிற்குங்கால், கரையும் மதகும் செவ்வனே இல்லையேல் கீழுள்ள ஊர்களின் நிலை யாதாகும் என்பதை அவர்கள் நன்கறிவர். ஆயின், மனிதனது வாயினுள்ளும் நாழிகைதோறும் சுரந்து பெருகும் நீர் ஒன்று உண்டென்பதையும், பல்வைத்தியர் தம் தொழிலைச் செய்யும்பொழுது அதற்கும் ஓர் அணை கட்டவேண்டுமென்பதையும், அவ்வணை ரப்பரால் இயன்றதென்பதையும் அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே. இச்சிறு பொருளைப்பற்றி மாணவ நண்பர்களுக்கும் பிற அன்பர்களுக்கும் விளங்க எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உமிழ்நீரின் இயல்பு

வாயின் இருமருங்கும் அமைந்த மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகளும், உதட்டிலும் கன்னத்திலும் அண்ணத்திலும் பரவிக்கிடக்கும் எண்ணிறந்த சிறு சுரப்பிகளும் சேர்ந்து, நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. இந்நீர் நமக்குச் செய்யும் நன்மை பெரிது. உணவை நனைத்து விழுங்கத் தகுந்ததாக்குவதும், உண்டபின் வாயில் உண்டாகும் புளிப்பைத் தணிப்பதும், சுண்ணச்சத்தையும் பாஸ்பேட்டையும் பல்லின் மேற்புறத்துக்கு மீட்டும் மீட்டும் அளித்து அதனைக் காப்பதும் இதுவே. உமிழ்நீர் வற்றியவரது பற்கள் விரைவிற் சொத்தையாகிக் கெடுதலே இதற்குத் தக்க சான்றாகும்.

எனினும், நாள்தோறும் நண்பனாயிருக்கும் இந்நீரே, பல்லைத் துளைத்துச் செப்பனிடும் நேரத்தில் பகையாகின்றது. உமிழ்நீரின் ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 10 கோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பல்லின் எனாமல் என்னும் வெண்ணிறக் கவசம் முழுமையாயிருக்கும்வரை இவற்றால் உள்ளே புகுதல் இயலாது. பல்வைத்தியர் சிகிச்சையின்பொருட்டு அக்கவசத்தைத் தாமே திறக்கும்பொழுதோ, கோட்டைவாயிலைத் திறந்துவைத்துப் பகைவரை எதிரே நிற்கவிட்டது போலாகின்றது.

ஈரத்தால் விளையும் கேடு

இக்கேடு இருவகைச் சிகிச்சையில் மிகுதியும் காணப்படும். முதலாவது, சொத்தையைக் குடைந்தெடுத்துப் பல்லை அடைத்தல். இக்காலத்துப் பல்வைத்தியர் பெரிதும் கையாளுவது பல்லின் நிறமே உடைய காம்போசிட் என்னும் பிசினாகும். இப்பிசின் பல்லோடு பற்றிக்கொள்ளும் வழியை 1955-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு அறிஞர் மைக்கேல் புவோனகோர் என்பவர் கண்டுரைத்தார். எனாமலின்மீது பாஸ்பாரிக் அமிலத்தைச் சில விநாடி தடவிக் கழுவினால், அதன் மேற்புறம் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் நிறைந்ததாகின்றது. அத்துளைகளுக்குள் பிசின் நீர்வடிவில் ஊடுருவிச் சென்று, பின்னர் ஒளியால் இறுகி, ஆலம்விழுதுகள் மண்ணிற் பாய்ந்து பற்றினாற்போலப் பல்லைப் பற்றிக்கொள்ளும். இத்துளைகளின் ஆழமோ ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறிலொரு பங்களவேயாம். அமிலத்தைக் கழுவித் துடைத்தபின், பிசினை இடுமுன், உமிழ்நீர் அங்குச் சில விநாடி பட்டுவிடினும், அதிலுள்ள புரதங்கள் அந்நுண்துளைகளின்மேல் மெல்லிய ஏடுபோற் படிந்துவிடுகின்றன. அதன்மேல் வைத்த பிசின் அன்று பார்வைக்கு அழகாகவே இருக்கும். சில திங்களுக்குள் ஓரம் பிரிந்து, இடுக்கில் மீண்டும் சொத்தை தோன்றும். பூசுமுன் சுவரைத் துடையாத கொத்தனுடைய வேலையை இஃது ஒக்கும்.

இரண்டாவது, மக்கள் ‘ரூட் கனால்’ என்று வழங்கும் வேர்ச்சிகிச்சை. பல்லின் நடுவே நரம்பும் குருதிக் குழாய்களும் கூடிய பற்கூழ் என்னும் மென்சதை உள்ளது. சொத்தை அதனை எட்டி அழுகச்செய்தபொழுது, வைத்தியர் அழுகிய கூழை அகற்றி, வேரின் குழல்களைத் தூய்மை செய்து, மூடி அடைக்கின்றனர். இச்சிகிச்சையின் முழு நோக்கமும் நுண்ணுயிர்களை வெளியேற்றுவதே. அவ்வாறாக, ஒருபுறம் அவற்றை வெளியேற்றிக்கொண்டே மறுபுறம் உமிழ்நீர் வழியே உள்ளே விடுவது, ஓட்டைத் தோணியினின்று நீரை இறைப்பவன் ஓட்டையை அடையாதிருப்பதனை ஒக்கும் அன்றோ?

நுண்ணுயிரே பற்கூழின் அழிவுக்குக் காரணம் என்பதனை ஐயமற நிறுவிய ஆராய்ச்சி ஒன்றை ஈண்டுக் குறிப்பிடல் தகும். 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ககெஹாஷி, ஸ்டான்லி, பிட்ஸ்ஜெரால்டு என்னும் மூவர் எலிகளை இரு பகுப்பாக்கினர். ஒரு பகுப்பு இயல்பாக வளர்ந்தவை. மற்றையது பிறந்தது முதல் நுண்ணுயிர் அணுகாவண்ணம் காத்து வளர்க்கப்பட்டவை. இருவகை எலிகளின் கடைவாய்ப் பற்களையும் பற்கூழ் வெளிப்படுமளவு துளைத்து, மூடாமலே விட்டனர். இயல்பான எலிகளின் பற்கூழ் அழுகிச் சீழ் கொண்டது. நுண்ணுயிரற்ற எலிகளிலோ, துளைக்குள் உணவு அடைந்து கிடந்தபோதும் பற்கூழ் உயிரோடிருந்ததுமன்றி, புண்ணின்மேல் புதிய பல்திசுவைப் பாலம்போல் எழுப்பிக்கொண்டது. துளையும் ஒன்றே, உணவும் ஒன்றே. வேறுபாடு நுண்ணுயிர் ஒன்றேயாம். ஆகவே, உமிழ்நீரை விலக்குதல் வைத்தியரது வசதிக்காக மட்டும் செய்யப்படுவதன்று. சிகிச்சையின் உயிர்நிலையே அதுவென்பது பெறப்படும்.

அணையின் வடிவும், அதனை இடும் முறையும்

இனி, அவ்வணைதான் யாது எனின், கூறுதும். அது 5 அல்லது 6 அங்குலச் சதுரமாக வெட்டிய மெல்லிய ரப்பர்த் தாள். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆறிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை பலதிறப்படும். பச்சை, நீலம் முதலிய நிறங்களில் அமைந்திருத்தலின், வெண்மையான பல் அதன்முன் எடுப்பாகத் தோன்றும். இதனோடு துணைக்கருவிகள் நான்கு உள: தாளில் வட்டமான துளையிடும் குறடு ஒன்று, பல்லின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் எஃகுக் கவ்வி ஒன்று, அக்கவ்வியை விரித்துப் பல்லில் மாட்டும் இடுக்கி ஒன்று, தாளை முகத்தின்முன் விரித்து நிறுத்தும் வளைந்த சட்டம் ஒன்று.

வைத்தியர் முதற்கண் பல்லிடுக்குகளில் மெல்லிய நூலைச் செலுத்தி, ரப்பர் நுழையத் தடையுண்டோ என்று பார்ப்பார். பின் எந்தப் பல்லுக்குச் சிகிச்சையோ அதன் அளவுக்கேற்பத் தாளில் துளையிடுவார். கவ்வியில் நீண்டதொரு நூலைக் கட்டுதல் மறவாதொழுகவேண்டிய விதியாகும். கவ்வி தவறித் தெறித்தாலும் முறிந்தாலும் அந்நூலைப் பற்றி வெளியே இழுத்துவிடலாம். அதன்பின் கவ்வியைப் பல்லில் பொருத்தி, தாளின் துளையை அதன்மேல் விரித்து இறக்குவார். பல் மட்டும் துளையின் வழியே தலைநீட்டி நிற்க, நாவும் கன்னமும் உதடும் தாளுக்கு அப்பால் மறைந்துவிடும். துளையின் விளிம்பைப் பல்லின் கழுத்தோரம் உட்புறமாக மடித்துவிடுதல் முடிவான செயல். இதனைச் செய்யாது விடின், ஏரிக்கரையில் நண்டு வளை விட்டாற்போல் அவ்விடத்து நீர் கசியும். தாளுக்கும் முகத்துக்கும் இடையே ஒரு துணியை இட்டு, தாளின் கீழே உறிஞ்சு குழாயை வைத்துவிட்டால், நோயாளி தம் உமிழ்நீரை வழக்கம்போல் விழுங்கிக்கொண்டு இளைப்பாறலாம். பழகிய கையர்க்கு இவையனைத்தும் சில நிமிட வேலையே.

பஞ்சுச் சுருளை வைத்து ஈரத்தை ஒற்றுதலும் உண்டு. சிறு வேலைகளுக்கு அது போதியதாகலாம். ஆயின் பஞ்சு நனைந்துவிடும். நா அசைந்தால் இடம் பெயரும். தொண்டைக்கு அது காவலும் ஆகாது.

இறுதியிற் கூறிய காவல் சிறிதன்று. வேர்ச்சிகிச்சையில் வைத்தியர் பயன்படுத்தும் ‘பைல்’ என்னும் கருவி, குண்டூசியினும் மெல்லியதோர் அரம். ஈரமான விரலினின்று அது நழுவினால் நேரே தொண்டையில் வீழும். வயிற்றுக்குட் சென்றால் பெரும்பாலும் தானே வெளியேறும். மூச்சுக்குழாயில் இறங்கினாலோ மருத்துவமனையில் குழாய்க்கருவி செலுத்தி எடுக்கும்படி நேரும். குழல்களைக் கழுவ வார்க்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் என்பது துணி வெளுக்கும் நீரின் இனத்தது. அது நாவையும் தொண்டையையும் சுடவல்லது. இவையெல்லாம் ரப்பர்த் தாளின் மேலேயே தங்கிவிடுமன்றித் தொண்டையை எட்டா. அன்றியும், சுழலும் துளைக்கருவி எழுப்பும் நீர்த்தூவல் நோயாளியின் உமிழ்நீரோடு கலந்து அறையெங்கும் பரவுதலையும் இத்தாள் குறைக்கின்றது. இலங்கையிற் பிறந்த அறிஞர் சமரநாயக்க என்பவர் தம் கூட்டாளர்களோடு 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, அணையிட்டபொழுது காற்றிற் கலக்கும் நுண்ணுயிர் குறைதலைக் காட்டிற்று. 2020-இல் கொரோனா பெருந்தொற்று எழுந்தகாலை, பல நாட்டுப் பல்வைத்தியச் சங்கங்கள் இவ்வணையை வற்புறுத்தியமைக்குக் காரணம் இதுவே.

தோற்றமும் வரலாறும்

இவ்வரிய பொருள் தோன்றிய வரலாறு இனிமை பயப்பதொன்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைக்காலத்தில் பற்களைப் பொன்தகட்டால் அடைப்பது வழக்கம். ஈரமற்ற தூய பொன்தகடு ஒன்றோடொன்று ஒட்டி இறுகும் இயல்புடையதென 1855-இல் ராபர்ட் ஆர்தர் என்பவர் வெளியிட்டார். ஆனால் ஒரு துளி உமிழ்நீர் பட்டால் தகடு ஒட்டாது. பல மணி நேரம் நிகழும் அவ்வேலையில் துணியும் பஞ்சும் வைத்து ஈரத்தை விலக்க முயன்று வைத்தியர் பலர் சலித்தனர்.

நியூயார்க்கு மாநிலத்தைச் சார்ந்த சான்போர்டு கிறிஸ்டி பார்னம் என்னும் இளைஞர், 1864-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள், மெல்லிய ரப்பர்த் தாளில் ஒரு துளையிட்டு அதனைப் பல்லின்மேல் மாட்டினார். அவ்வளவே, பல்லைச் சூழ்ந்து ரப்பர் இறுகியது, ஈரம் அகன்றது. அவர் இதற்குத் தனியுரிமை பெற்றுப் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அங்ஙனம் செய்யாமல், யாவரும் விலையின்றிக் கையாளுமாறு தம் தொழிலினர்க்கு இதனை ஈந்துவிட்டார். 1882-இல் துளையிடும் குறடும், டெலூஸ் பாமர் என்பாரது கவ்வி வரிசையும் வந்துசேர, அணையானது ஏறத்தாழ இன்றுள்ள வடிவத்தை எய்திற்று.

இவ்வீகையின் பெருமை, அதே 1864-ஆம் ஆண்டில் நிகழ்ந்த பிறிதொன்றனோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். அவ்வாண்டில், கடினமாக்கிய ரப்பரால் பொய்ப்பல் தாங்கிகள் செய்வதற்கு அமெரிக்காவில் ஒரு தனியுரிமை வழங்கப்பட்டது. அவ்வுரிமையைக் கைக்கொண்ட குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனியார், ரப்பர் தாங்கி செய்த பல்வைத்தியர் ஒவ்வொருவரிடமும் கட்டணம் தண்டினர். கொடாதார்மேல் வழக்குத் தொடுத்தனர். அப்பகை முற்றி, 1879-இல் அக்கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன் என்பவர் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு பல்வைத்தியரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே ஆண்டு, ஒரே ரப்பர். ஒன்று வழக்கையும் கொலையையும் விளைத்தது. மற்றொன்று அளவிறந்த நோயாளிகளுக்கு நலம் விளைத்துவருகின்றது.

நிற்க. ரப்பர் மரம் நம்மவர்க்குப் புதியதன்று. 1876-இல் பிரேசில் நாட்டினின்று இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட வித்துக்களின் நாற்றுக்கள் அவ்வாண்டிலேயே இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தை அடைந்தன. இந்தியாவில் வாணிகத் தோட்டம் 1902-இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் தொடங்கிற்று. இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வைகறையில் மரத்தைக் கீறிச் சிரட்டையில் பால் ஏந்தும் தொழிலாளரைக் காணலாம். அம்மரத்தின் பாலே உலகெங்கும் பல்வைத்தியர் கையில் அணையாக விரிகின்றது.

நம் நாட்டில் பல்வைத்தியக் கல்வியை 1920-இல் கல்கத்தாவில் டாக்டர் ரபீயுத்தீன் அகமது அவர்கள் கல்லூரி நிறுவித் தொடங்கிவைத்தனர். பல்வைத்தியர்ச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. சென்னையில் அரசினர் பல்வைத்தியக் கல்வி 1953-இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தோன்றிற்று. காட்டுப்பாக்கத்துக்கு அண்மையிலுள்ள வேலப்பன்சாவடியில் சவீதா பல்வைத்தியக் கல்லூரி 1988-இல் எழுந்தது. போரூர் இராமச்சந்திரா நிலையத்திலும் பல்வைத்தியக் கல்வி நடைபெறுகின்றது. ஆதலின், வயல்கள் வீடுகளாக மாறிவரும் இவ்வட்டாரத்து மக்கள், பல்வைத்தியம் கற்பிக்கும் நிலையங்களின் நிழலிலேயே வாழும் பேறுடையர்.

பயனுக்குரிய சான்று

அணையிடுவதனாற் சிகிச்சை நிலைக்கின்றதா என்பதற்குக் கணக்கு உண்டோ எனின், உண்டு. தைவான் நாட்டு மருத்துவக் காப்புறுதிப் பதிவேடுகளில் 5,17,234 பற்களின் வேர்ச்சிகிச்சை விவரங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டனர். சுமார் மூன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபொழுது, அணையிட்டுச் செய்த பற்களில் நூற்றுக்கு 90.3 நிலைத்தன, இடாதவற்றில் 88.8 நிலைத்தன. வேறுபாடு சிறிதன்றோ எனலாம். நூற்றுக்கு ஒன்றரை என்பது ஆயிரம் பேரில் பதினைவர் பல். அப்பதினைவருள் ஒருவராயின் அது சிறிதாகத் தோன்றாது. எனினும், பதிவேட்டினின்று எடுத்த கணக்கில் வைத்தியரது திறமை முதலிய பிற காரணங்களும் கலந்திருக்கக் கூடும் என்பதையும் மறைத்தல் தகாது. பல் அடைத்தலைப்பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் குழுவினரும், அணையிட்டுச் செய்த அடைப்பு ஆறு திங்களில் மிகுதியும் நிலைப்பதாகத் தெரிகின்றது எனக் கூறி, சான்று இன்னும் வலுப்பெறவேண்டும் என்றும் உரைத்தனர். ஆயினும் நோயாளியின் தொண்டைக்குக் காவல் என்பது கணக்கை எதிர்நோக்கி நிற்பதன்று. 2006-இல் ஐரோப்பிய வேர்ச்சிகிச்சைச் சங்கத்தார் வெளியிட்ட நெறிமுறையும், வேர்ச்சிகிச்சை அணையிட்டே செய்யப்படவேண்டும் என்று விதித்துள்ளது.

தடைகளும் அவற்றிற்கு விடையும்

இத்துணைச் சிறப்புடையதாயின், ஏன் எல்லாரும் இதனைக் கையாளவில்லை? பல நாடுகளில் எடுத்த கணக்குகள், கல்லூரியில் இதனைக் கற்ற வைத்தியர் பலர் தொழிலிற் புகுந்தபின் கைவிடுதலைக் காட்டுகின்றன. நேரம் போதாமை, துணையாள் இன்மை, நோயாளி விரும்பாமை என்பன அவர் கூறும் காரணங்கள்.

நேரத்தைப்பற்றிய தடை பழக்கத்தால் நீங்கும். அணையிட்டபின் நாவோடும் உமிழ்நீரோடும் போராட வேண்டாமையின், செலவிட்ட நிமிடங்கள் வேலையிலேயே திரும்பக் கிடைத்துவிடும். நோயாளி விரும்பாமைக்கு முதற்காரணம் அச்சமே. முகத்தின்முன் ரப்பரை விரித்தால் மூச்சு முட்டும் என்று எண்ணுகின்றனர். மூச்சு மூக்கின்வழியே தடையின்றிச் செல்லும். தாள் வாயின்முன் மட்டுமே நிற்கும். கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவதாக வைத்தியர் முன்னரே கூறிவிட்டால் அச்சம் பெரிதும் தணியும்.

உண்மையான தடைகளும் சில உள. கடுஞ் சளியால் மூக்கடைத்தவர்க்கு அணையிடல் ஆகாது. மரப்பால் ரப்பர் சிலர்க்கு ஒவ்வாமையை, அரிதாக உயிருக்கு இடரையும் விளைக்கும். பலூன் ஊதும்பொழுதோ ரப்பர்க் கையுறை பட்டபொழுதோ அரிப்பும் வீக்கமும் கண்டவர் அதனை வைத்தியரிடம் முன்னரே சொல்லுதல் கடன். அத்தகையோர்க்கு மரப்பால் கலவாத செயற்கைத் தாள்கள் கிடைக்கின்றன. ஈறுவரை சிதைந்த பல்லில் கவ்வி நிற்றல் அரிது; அங்கு முதலில் பல்லின் சுவரைக் கட்டி எழுப்பிக்கொண்டு அணையிடுவர், அல்லது பக்கத்துப் பல்லில் கவ்வியை மாட்டுவர்.

முடிவுரை

பல்வைத்தியத் துறையிற் புகவிருக்கும் மாணவர்க்கு யாம் கூறுவது இதுவே: தேர்வின்பொருட்டுக் கற்ற அணையைத் தேர்வோடு விட்டுவிடாதீர்கள். யாரும் கண்காணியாத சிறு அறையில், விரைந்து வீடு திரும்ப விரும்பும் நோயாளி ஒருவர் முன், விதியைக் கைக்கொள்வதே தொழிலறமாகும்.

ஏனைய அன்பர்கள் நோயாளியாகச் செல்லுங்கால் மூன்று செய்தல் வேண்டும். வேர்ச்சிகிச்சை என்றவுடன், ரப்பர் அணையிட்டுச் செய்வீர்களா என்று பணிவோடு கேட்கவேண்டும். கேட்டலால் வைத்தியர்க்கு இழுக்கில்லை. ரப்பர் ஒவ்வாமையோ, இழுப்போ, மூக்கடைப்போ உண்டாயின் மறைக்காமற் கூறவேண்டும். வைத்தியர் அணையை எடுத்தபொழுது, வேண்டாவென்று தள்ளாமல் சிறிது பொறுத்திருக்கவேண்டும். வேர்ச்சிகிச்சைக்குப் பல திங்கள் சேர்த்துவைத்த பொருளைச் செலவிடும் குடும்பங்கள் நம்மிடையே உள. அவர்க்கு அச்சிகிச்சை ஒருமுறையிலேயே பலித்தல் வேண்டும். அல்லாக்கால் அடுத்த முறை பல்லைப் பிடுங்குதலே அவர்க்கு எஞ்சும் வழியாகின்றது. ஒருவர் யாதொரு விலையும் கொள்ளாது உலகுக்கு ஈந்த ஒரு துண்டு ரப்பர் அவர்க்கு எட்டாதிருத்தல் தகுமோ என்பதை வைத்தியரும் நோயாளியரும் எண்ணிப் பார்ப்பார்களாக.